காய்ச்சலில் மகளுக்குக் கீட்டோன் இரண்டு பிளஸ், ஊசியை நிறுத்தலாமா?

குடியாத்தம் அம்மா:
மகளுக்கு 11 வயது, டைப் 1 சுகர், இன்சுலின் ஊசி ஆரம்பித்து 8 மாதம் ஆகிறது. நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல், காலையில் அரை டம்ளர் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை, ஆனால் சுகர் 310. டாக்டர் வாங்கி வைக்கச் சொன்ன ஸ்ட்ரிப்பை முதல் தடவையாகச் சிறுநீரில் நனைத்துப் பார்த்தேன், டப்பாவில் உள்ள நிறத்தோடு வைத்துப் பார்த்தால் இரண்டு பிளஸ். சாப்பிடாத பிள்ளைக்கு ஊசி போட்டால் மயக்கம் வரும், இன்றைக்கு விட்டுவிடு என்கிறார் மாமியார். சாப்பிடாமலே சுகர் எப்படி ஏறுகிறது? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சத்துவாச்சாரி அக்கா:
ஊசியை நிறுத்திவிடாதேம்மா. காய்ச்சல் வந்தால் சாப்பிடாவிட்டாலும் ஈரல் சர்க்கரையை வெளியே விடும், இன்சுலினும் வழக்கத்தைவிட அதிகம் தேவைப்படும். அது போதாதபோது உடம்பு சர்க்கரையை விட்டுவிட்டுக் கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும், அதில் வருவதுதான் கீட்டோன், அது சேரச் சேர ரத்தம் புளித்துப்போகும். நாள் முழுக்க வேலை செய்கிற ஊசி கட்டாயம் வேண்டும். சாப்பாட்டு ஊசி எவ்வளவு, கூடுதலாகப் போடணுமா என்பதை இப்பவே போன் செய்து டாக்டரிடம் கேள், சாயங்காலம் வரை வைக்காதே. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இரு. வாந்தி, வயிற்றுவலி, வேகமாக ஆழமாக மூச்சு வாங்குவது, வாயில் பழுத்த பழ வாசனை, பிள்ளை தூங்கி வழிவது, இதில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டுவிடு. என் பையனுக்கு வயிற்றுவலியை சூட்டுவலி என்று நினைத்து விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு அரை நாள் வீணாக்கியவள் நான்.

காட்பாடிக்காரன்:
அக்கா சொன்னதுதான். சிறுநீர் ஸ்ட்ரிப் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையைத்தான் காட்டும். விரலில் குத்திப் பார்க்கிற கீட்டோன் மீட்டர் கிடைத்தால் நல்லது. 0.6-க்குக் கீழே என்றால் பயமில்லை, 1.5 வரை இரண்டு மணி நேரத்தில் மறுபடி பார்க்கணும், அதைத் தாண்டினால் உடனே டாக்டர், 3 வந்தால் நேராக ஆஸ்பத்திரி. அப்புறம், இன்சுலினை எங்கே வைத்திருக்கிறீர்கள்? திறந்த இன்சுலின் பேனாவே 30 டிகிரிக்கு மேல் தாங்காது. நம்ம ஊர் மே மாதத்தில் வீட்டுக்குள்ளேயே அதைவிடக் கொதிக்கும், கெட்டுப்போன மருந்தை எத்தனை யூனிட் போட்டும் பயனில்லை.

ஆம்பூர் வாசகர்:
எனக்கு டைப் 2, டாபாகிளிப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறேன். போன ஆடிக் கிருத்திகைக்கு விரதம் இருந்தேன், மறுநாள் ஒரே வாந்தி, சுகர் 170 தானே என்று படுத்துக் கிடந்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்தால் கீட்டோன் 4.1. இந்த வகை மாத்திரையில் சுகர் ஏறாமலே கீட்டோன் ஏறலாமாம். காய்ச்சல், வாந்தி, விரத நாட்களில் அதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

குடியாத்தம் அம்மா:
அக்கா, போன் செய்தேன், அளவு சொன்னார், போட்டேன். ஆனாலும் மத்தியானம் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், உடனே வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ராத்திரி முழுக்க டிரிப், இப்போது கீட்டோன் 0.5, இட்லி கேட்கிறாள். அண்ணா, பேனா ஜன்னல் ஓரத்து அலமாரியில்தான் இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிவிட்டோம், அதைக் குளிர்ச்சியாக வைக்க மாமியார் ஒரு மண் பானை வாங்கி வைத்திருக்கிறார்.