மீசோசோம் உண்டா, இல்லையா? எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் மட்டும் போதுமா?

வைரக்கத்தி:
நீட் திரியில் நீட்வாத்தியார் எழுதியிருப்பது இது: "பாக்டீரியாவில் மீசோசோம் இருக்கிறது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படமே எடுத்தாச்சு. கண்ணால் கண்ட பிறகு என்ன கேள்வி?" படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கே பதில் போட்டால் கட்-ஆஃப் கணக்குகளுக்கு நடுவே புதைந்துபோகும், அதனால்தான் தனித் திரி. மீசோசோம் என்று ஓர் உறுப்பு பாக்டீரியாவில் இல்லை. ரசாயனம் ஊற்றி செல்லை ஃபிக்ஸ் பண்ணும்போது, அதாவது இருந்த நிலையிலேயே கெட்டிப்படுத்தும்போது, செல் சவ்வு உள்ளே மடிந்து உண்டாவது அது. 1980-களிலேயே முடிந்த வழக்கு.

நீட்வாத்தியார்:
வாங்க சார், தனித் திரியே திறந்துட்டீங்களா, சந்தோஷம். 1953-ல் சாப்மனும் ஹில்லியரும் பேசில்லஸ் செரியஸ் பாக்டீரியாவை மெல்லிசாகச் சீவி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். ஓரத்தில் உருண்டையாக ஏதோ தெரிந்தது. 1960-ல் ஃபிட்ஸ்-ஜேம்ஸ் அதற்கு மீசோசோம் என்று பெயரே வைத்தார். அதன் பிறகு எத்தனையோ லேபில் எத்தனையோ பேர் அதையே படம் பிடித்தார்கள். அத்தனை பேரும் முட்டாள், நீங்கள் ஒருவர் மட்டும் அறிவாளியா? என்சிஇஆர்டி 11-ஆம் வகுப்புப் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. செல் சுவர் உருவாக, டி.என்.ஏ இரட்டிப்பாக, சுவாசத்துக்கு உதவுகிறது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். படத்தில் இருக்கிறது சார்.

வைரக்கத்தி:
படத்தில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவே இல்லை. அந்தப் படம் எதனுடையது என்பதுதான் கேள்வி. லேபில் என்ன நடக்கிறது என்று ஒருமுறையாவது பார்த்திருக்கிறீர்களா? உயிரோடு இருக்கும் செல்லை குளுட்டரால்டிஹைடில் போடுகிறோம். பிறகு ஆஸ்மியம் டெட்ராக்சைடு. இரண்டும் ஃபிக்ஸ் பண்ணும் ரசாயனங்கள். அடுத்து ஆல்கஹாலில் படிப்படியாகத் தண்ணீரை முழுக்க எடுக்கிறோம். தண்ணீர் இருந்த இடத்தில் ரெசின் ஊற்றி, அடுப்பில் வைத்துக் கல்லாக்குகிறோம். அந்த பிளாக்கை டயமண்ட் நைஃபில் 60 முதல் 90 நானோமீட்டர் கனத்தில் சீவுகிறோம். கத்தி முனையில் இருக்கும் தண்ணீரில் செக்‌ஷன் வெள்ளி நிறத்தில் மிதந்தால் சரியான கனம். தங்க நிறம் வந்தால் தடிமன் கூடிவிட்டது. கிரிட் என்ற சின்ன வலைத்தகட்டில் எடுத்து யுரேனைல் அசிட்டேட், லெட் சிட்ரேட் சாயம் ஏற்றி, வெற்றிடத்தில் வைத்து எலக்ட்ரானைப் பாய்ச்சுகிறோம். நீங்கள் "கண்ணால் கண்டது" என்கிற செல் இத்தனையையும் தாண்டி வந்தது. வெயிலில் வடாம் சுருங்கி மடிகிற மாதிரி சவ்வும் மடியும். மடிந்ததைப் படம் எடுத்து உறுப்பு என்று பெயர் வைத்தால் அது உறுப்பாகிவிடுமா?

நீட்வாத்தியார்:
வடாம் கதை நன்றாக இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் எங்கே? படத்தில் இருக்கிறதா, இல்லையா?

வைரக்கத்தி:
பதில் வேண்டுமா, இந்தாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் நன்னிங்கா 1960-களின் கடைசியிலும் 1971-லும் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவை வைத்து இதையே சோதித்தார். ரசாயனம் எதுவும் ஊற்றாமல் நேராக உறையவைத்து உடைத்துப் பார்த்தால் மீசோசோம் குறைவு, இருப்பதும் சிறிசு. அதே பாக்டீரியாவை முதலில் ஆஸ்மியத்தில் போட்டுவிட்டு உறையவைத்தால் எண்ணிக்கையும் கூடுகிறது, அளவும் பெருக்கிறது. மாறியது ஆஸ்மியம் ஒன்றுதான். 1983-ல் டுபோஷே குழு ஃபிக்ஸும் இல்லை, சாயமும் இல்லை, தண்ணீர்கூட எடுக்காமல் பாக்டீரியாவைக் கண்ணாடிபோல் உறையவைத்துச் சீவிப் பார்த்தது. மீசோசோம் தென்படவில்லை. அதே டுபோஷேக்குத்தான் 2017-ல் வேதியியல் நோபல், ஃபிராங்க், ஹெண்டர்சனோடு சேர்த்து. போதுமா?

நீட்வாத்தியார்:
போதாது. உங்கள் கணக்குப்படி ஆஸ்மியம் பட்டதெல்லாம் பொய் என்றால் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலமும் பொய், ரைபோசோமும் பொய், மொத்த செல் பாடத்தையும் கிழித்துப் போட்டுவிடலாம். இதே கதை கோல்ஜி என்ற செல் உறுப்புக்கும் நடந்தது என்பது உங்களுக்கு மறந்துவிட்டதா? 1898-ல் கமில்லோ கோல்ஜி வெள்ளிச் சாயம் போட்டு ஆந்தையின் நரம்பு செல்லில் பார்த்தார். அரை நூற்றாண்டுக்கும் மேல் உங்களைப் போன்றவர்கள் "சாயத்தால் வந்த கோளாறு" என்று சாதித்தார்கள். 1954-ல் டால்டனும் ஃபெலிக்ஸும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் காட்டிய பிறகுதான் வாய் மூடினார்கள். அன்று கோல்ஜியைக் காப்பாற்றியது எது? படம்!

இயற்பியல்பித்தன்:
பயாலஜிக்காரர்கள் சண்டையில் ஒருவர்கூட இயற்பியலைச் சொல்லவில்லையே. 1931-ல் பெர்லினில் ரஸ்காவும் நோலும் காந்தச் சுருளை லென்ஸாக்கி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைக் கட்டியிருக்காவிட்டால் உங்களுக்கு மீசோசோமும் இல்லை, கோல்ஜியும் இல்லை. ஒளி மைக்ராஸ்கோப்பால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. அலைநீளம் குறைந்தால்தான் நுணுக்கம் தெரியும்; 100 கிலோவோல்ட் எலக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டர். ரஸ்காவுக்கு நோபல் கிடைத்தது 1986-ல், ஐம்பத்தைந்து வருஷம் கழித்து. நோல் அதற்குள் இறந்தே போய்விட்டார். அந்த அநியாயத்தைப் பற்றிப் பேச ஆளில்லை.

வைரக்கத்தி:
பித்தன் சார், அந்த அநியாயத்துக்குத் தனித் திரி திறங்கள், நானும் வருகிறேன். இங்கே வேண்டாம்.

வாத்தியாருக்கு: கோல்ஜியைக் காப்பாற்றியது படம் மட்டும் இல்லை. செல்லை உடைத்து கோல்ஜியைத் தனியாகப் பிரித்து அதிலிருக்கும் என்சைம்களை அளந்தார்கள். ஒளிரும் புரதம் ஒட்டி உயிருள்ள செல்லிலேயே அது வேலை செய்வதைப் பார்த்தார்கள். உறையவைத்துப் பார்த்தாலும் அடுக்கு அடுக்காக அங்கேயே இருக்கிறது. ரைபோசோமும் அப்படித்தான். செல் ஆராய்ச்சியாளர் பலாடே 1955-ல் படத்தில் பொடிப்பொடியாகக் காட்டினார், பிறகு அதைத் தனியே பிரித்து, அணு அணுவாக அமைப்பையே வரைந்துவிட்டார்கள். எந்த வழியில் போனாலும் அதே பொருள் கிடைக்கிறது. மீசோசோம் ஒரே ஒரு வழியில் போனால்தான் கிடைக்கிறது. இந்த வித்தியாசம் புரியாமல் கோல்ஜியை இழுக்காதீர்கள்.

இயற்பியல்பித்தன்:
ரைபோசோம் அமைப்பு என்றதும் நம்ம சிதம்பரத்துக்காரர் வெங்கி ராமகிருஷ்ணன் பெயரை ஏன் விழுங்கினீர்கள்? 2009 நோபல். பட்டம் வாங்கியது இயற்பியலில்!

நீட்வாத்தியார்:
மூன்று வயதில் பரோடா போனவர் சிதம்பரத்துக்காரரா? அவருக்கு நோபல் கிடைத்தது எக்ஸ்-ரே படிகவியலுக்கு. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு இல்லை. திரிக்குச் சம்பந்தம் இல்லை.

இயற்பியல்பித்தன்:
பிறந்த ஊர் பிறந்த ஊர்தான். உங்கள் சான்றிதழ் தேவையில்லை.

கொங்குத்தமிழச்சி:
நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவி என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு பேரும் கத்துகிற கத்தில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் மேல் டிஃபென்சின் போன்ற, பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடுகளையோ (சிறு புரதத் துண்டுகள்) சில ஆன்டிபயாட்டிக்குகளையோ செலுத்தினால் மீசோசோம் மாதிரி அமைப்புகள் உண்டாவதாக ஆய்வுகள் இருக்கின்றன. மருந்து படாத செல்லையும் அதே முறையில்தான் தயாரிக்கிறார்கள், அதில் அவ்வளவு தெரிவதில்லை. அப்படியென்றால் ஃபிக்ஸ் மட்டும் காரணம் இல்லை, செல்லிலேயே ஏதோ மாறுகிறது. வைரக்கத்தி அண்ணா "இல்லவே இல்லை" என்று அடித்துச் சொல்வது அதிகப்படி. கொரோனா வைரஸ் படத்தின் நிறம் பற்றிய திரியிலும் இப்படித்தான் கடைசி வரை யார் பேச்சையும் கேட்கவில்லை.

வைரக்கத்தி:
அந்தத் திரியை இழுப்பீர்கள் என்று தெரியும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்துக்கு நிறம் கிடையாது, கறுப்பு வெள்ளைதான், சிவப்பும் பச்சையும் பிறகு கம்ப்யூட்டரில் பூசுவது. இதைத்தான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பெப்டைடு விஷயத்துக்கு வருவோம். சவ்வைத் தாக்குகிற பொருளைச் செலுத்தினால் சவ்வு சிதைந்து மடிகிறது. அது காயத்தின் அடையாளம். புத்தகம் சொல்வது என்ன? டி.என்.ஏ இரட்டிப்பு, சுவாசம், செல் சுவர். சாகப்போகிற செல்லின் மடிப்பு சுவாசம் நடத்துகிறதா தங்கச்சி?

கொங்குத்தமிழச்சி:
நான் உறுப்பு என்று சொல்லவே இல்லை. "எல்லாம் ஆஸ்மியம்" என்றதைத்தான் மறுத்தேன். இனி தங்கச்சி என்று கூப்பிட வேண்டாம், பெயரைச் சொல்லுங்கள். உங்கள் வெள்ளி நிற செக்‌ஷனுக்கு வெளியேயும் அறிவியல் இருக்கிறது.

நீட்வாத்தியார்:
பாருங்கள், ஆராய்ச்சி செய்கிற பெண்ணே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

கொங்குத்தமிழச்சி:
நான் அப்படிச் சொல்லவில்லை சார். உங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிளஸ்ஒன்பையன்:
சார், எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நீட்டில் "மீசோசோமின் பணி என்ன" என்று வந்தால் எதை டிக் பண்ணுவது?

நீட்வாத்தியார்:
புத்தகத்தில் இருப்பதை டிக் பண்ணு தம்பி. நான்கு மார்க். தப்பாகப் போட்டால் மைனஸ் ஒன்று. இங்கே பேசுகிறவர்கள் யாரும் உனக்கு சீட் வாங்கித் தர மாட்டார்கள்.

வைரக்கத்தி:
இதுதான் என் வயிற்றெரிச்சல். தம்பி, பரீட்சைக்குப் புத்தகப்படியே எழுது, உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் டாக்டரான பிறகும் இதை நம்பிக்கொண்டு இருக்காதே. வாத்தியார் சார், அந்தப் பையனிடம் "புத்தகத்தில் இப்படி இருக்கிறது, லேபில் வேறு மாதிரி தெரிந்துவிட்டது" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? நாங்கள் ஒரு பிளாக்கை ட்ரிம் பண்ணி, நல்ல செக்‌ஷன் கிடைக்க நாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கடைசியில் தெரிவது உண்மையா, நம் கைவேலையா என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகப்படுகிறோம். இந்தத் தொழிலே அந்தச் சந்தேகத்தில்தான் நிற்கிறது.

இன்னொன்று. ஒரே மைட்டோகாண்ட்ரியாவைத்தான் 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பலாடேயும் ஸ்வீடனில் ஸ்யோஸ்ட்ராண்டும் பார்த்தார்கள். பலாடே உள் சவ்வின் மடிப்பு என்றார். ஸ்யோஸ்ட்ராண்ட் உள்ளே குறுக்கே நிற்கும் தனித் தடுப்பு என்றார். படம் ஏறக்குறைய ஒன்றுதான், படித்த விதம் வேறு.

நீட்வாத்தியார்:
யார் ஜெயித்தார்கள்? பலாடே. 1974-ல் நோபலும் வாங்கினார். படத்தைச் சரியாகப் பார்த்தவர் ஜெயித்தார். நீங்களே என் கட்சிக்கு வாதாடுகிறீர்கள், நன்றி.

வைரக்கத்தி:
அவசரப்படாதீர்கள். 1990-களில் டோமோகிராஃபி வந்து, பல கோணங்களில் எடுத்த படங்களைச் சேர்த்து முப்பரிமாணத்தில் பார்த்தபோது, அந்த மடிப்புகள் பாடப்புத்தகத்தில் வரைகிற மாதிரி அகலமாக வாய் பிளந்து நிற்கவில்லை, குறுகலான குழாய் வழியாகத்தான் உள் சவ்வோடு சேர்கின்றன என்று தெரிந்தது. உங்கள் வகுப்பில் இன்னும் அகலமாகத்தானே வரைகிறீர்கள்?

நீட்வாத்தியார்:
என் வகுப்பைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இல்லை. என் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் மெடிக்கல் காலேஜுக்குள் போகிறார்கள்.

இயற்பியல்பித்தன்:
டோமோகிராஃபியும் இயற்பியல்தான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

கொங்குத்தமிழச்சி:
வைரக்கத்தி, பெப்டைடு ஆய்வுகளைப் படித்துவிட்டுத்தான் "காயம்" என்று எழுதினீர்களா, இல்லை படிக்காமலேயா? அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

வைரக்கத்தி:
ஃபிக்ஸ் பண்ணாத, மருந்து படாத, நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பாக்டீரியாவில் மீசோசோம் இருக்கும் கிரையோ படம், அதாவது உறையவைத்து எடுத்த படம், ஒன்று போடுங்கள். ஒன்றே ஒன்று. இருவருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

நீட்வாத்தியார்:
புத்தகத்தின் படத்தை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறேன். பெரிதாக்கிப் பாருங்கள், அம்புக்குறியே போட்டிருக்கிறது.

வைரக்கத்தி:
அது கையால் வரைந்த படம் சார்!