கர்ப்பிணிக்கு ஆடாதோடைக் கஷாயம் கொடுக்கலாமா?

கேள்வி: தங்கைக்கு ஐந்தாம் மாதம். மூன்று நாளாகச் சளி, ராத்திரியில் வறட்டு இருமல். காய்ச்சல் இல்லை. ஆடாதோடை, அதிமதுரம், சுக்கு, மிளகு, துளசி போட்ட கஷாயம் வீட்டில் தயார். இதில் எதை எடுத்துவிட வேண்டும்?

பதில் 1: முதலில் ஆடாதோடையை எடுங்கள். அதிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருள்தான் மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது. அதே வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்கவும் தூண்டும். அதிமதுரமும் வேண்டாம். அதன் கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றும். தாயின் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குழந்தையை எட்டாமல் நஞ்சுக்கொடியில் தடுக்கும் நொதியையும் அது முடக்குகிறது. மிளகு, துளசி ரசத்தில் போடுகிற அளவோடு நிற்கட்டும்.

பதில் 2: பாட்டில் மருந்தையும் பாருங்கள் சகோதரி. மூலிகை இருமல் சிரப் பலவற்றில் ஆடாதோடை ‘வாசாகா’ என்றும் அதிமதுரம் ‘யஷ்டிமது’ என்றும் இருக்கும். அரிஷ்டம் என்றால் நொதித்ததில் உண்டான ஆல்கஹால் உண்டு. கபசுரக் குடிநீரில் ஆடாதோடை, நிலவேம்பு இரண்டுமே சேர்கின்றன. மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

பதில் 3: அப்போ என்னதான் கொடுப்பது? அரை அங்குல இஞ்சியைத் தட்டி ஒரு டம்ளர் நீரில் ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். நாளுக்கு இரண்டு டம்ளர் போதும். சுக்குப்பொடியானால் நாள் முழுக்க 1 கிராமைத் தாண்டக் கூடாது. படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் வறட்டு இருமலுக்கு நன்றாகக் கேட்கும், சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் தவிர்க்கலாம். வெதுவெதுப்பான ஒரு டம்ளர் நீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிக்கட்டும். ஆவிக்கு வெறும் நீர் போதும், சூடம் போடவே கூடாது. பாத்திரத்தை மடியில் வைக்காமல் ஆடாத மேஜையில் வையுங்கள். கவிழ்ந்து வெந்துபோவதுதான் ஆவி பிடிப்பதில் பெரிய ஆபத்து.

கேட்டவர்: நன்றி. நேற்றே ஒரு டம்ளர் குடித்துவிட்டாளே?

பதில் 1: ஒரு டம்ளருக்குப் பதற வேண்டாம், இனி நிறுத்துங்கள். அடிவயிறு இழுத்துப் பிடித்தாலோ, வலி விட்டு விட்டு வந்தாலோ, ரத்தம் பட்டாலோ நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினாலும், மூச்சு வாங்கினாலும், சளியில் ரத்தம் வந்தாலும் அப்படியே. இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நின்றபாடில்லை என்றால் சளிப் பரிசோதனை அவசியம். என்ன கஷாயம், எத்தனை டம்ளர் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.