ஹவாராவில மண்ணுக்குக் கீழ இருக்கிற மாளிகையை எகிப்து மறைக்குதோ?

கோண்டாவில்காரன் கேட்டது:
வணக்கம் எல்லாருக்கும். கொஞ்ச நாளா யூடியூப்பைத் திறந்தா ஒரே ஹவாரா வீடியோதான் வருகுது. எகிப்தில ஃபாயூம் பக்கம், மூண்டாம் அமெனெம்ஹெட் எண்ட பழைய எகிப்து அரசரின்ர பிரமிட்டுக்குத் தெற்கால பெரிய லேபிரிந்த் (வழி தெரியாமச் சுத்தவைக்கிற மாளிகை) ஒண்டு புதைஞ்சு கிடக்குதாம், 3000 அறையாம், ஸ்கான் பண்ணிக் கண்டுபிடிச்சும் போட்டினமாம், ஆனா அரசாங்கம் தோண்ட விடுதில்லையாம். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் நேர போய்ப் பாத்து எழுதினவர் எண்டா அது சும்மா கதையா இருக்கேலாதுதானே? இஞ்ச கம்பஸில ஹிஸ்டரி படிச்ச ஆக்கள் கனபேர் இருக்கிறீங்கள், உண்மையிலேயே மறைக்கினமோ எண்டு ஒருக்கா வடிவா விளங்கப்படுத்துங்கோ.

பழைய வாத்தியார்:
தம்பி, ஹெரோடோட்டஸ் பாத்தவர்தான், ஆனா பாத்தது அரைவாசி. மேல 1500 அறை, கீழ 1500 அறை எண்டு எழுதினவர், மேல் அறையளுக்குள்ளதான் தான் நடந்து திரிஞ்சதெண்டும் கீழ இறங்கக் காவல்காரர் விடேல்ல எண்டும் அவரே எழுதியிருக்கிறார். கட்டின அரசர்மாரின்ர கல்லறையும் புனித முதலையளின்ர கல்லறையும் அங்க கிடக்குதெண்டு அவங்கள் சொல்லியிருக்கிறாங்கள். அப்ப கீழ்த்தட்டுக் கதை முழுக்க அவர் காதால கேட்டது. வீடியோக்காரர் இந்த வரியை விட்டுட்டுத்தான் கதைக்கினம்.

அடுத்தது, அந்த இடம் ஒளிச்சு வைச்ச இடமே இல்லை. 1843 இல லெப்சியஸ் எண்ட ஜெர்மன் ஆய்வாளர் போய், மேல கிடந்த செங்கல் அறையளைப் பாத்து இதுதான் லேபிரிந்த் எண்டு சொன்னவர், 1888 இல பீட்ரி எண்ட இங்கிலாந்துத் தொல்லியலாளர் தோண்டி அது ரோமர் காலத்து ஊர் வீடுகள் எண்டு காட்டினவர். அந்த வீடுகளுக்குக் கீழ அவருக்குக் கிடைச்சது பரந்த ஒரு அத்திவாரத் தளமும் அதுக்கு மேல குவிஞ்சு கிடந்த சுண்ணாம்புக்கல் சில்லுகளும்தான். அதை வைச்சு ஏறக்குறைய 304 மீற்றர் நீளம், 244 மீற்றர் அகலம் எண்டு கணக்குப் போட்டார். கல்லை எல்லாம் பழைய காலத்திலேயே உடைச்சு அள்ளிக்கொண்டு போட்டாங்கள் எண்டதுதான் அவற்ற முடிவு. இது 1889 இலேயே புத்தகமா வந்திட்டுது, நெட்டில சும்மா கிடக்கு, எடுத்து வாசியுங்கோ.

கடல்வழி:
வாத்தியார், நீங்கள் பீட்ரியோட நிப்பாட்டிப் போட்டியள். 2008 இல பெல்ஜியம் ஆக்களும் எகிப்தின்ர வானியல், புவிபௌதிக ஆராய்ச்சி நிலையமும் சேந்து அதே இடத்தை ஸ்கான் பண்ணினவை. பீட்ரி தளம் எண்டு நினைச்ச கல்லுக்குக் கீழ, நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழ, சுவர் கட்டம் கட்டமா ஓடுறமாதிரி வந்ததெண்டு சொல்லுகினம். அப்பிடியெண்டா பீட்ரி நிண்டது தளத்தில இல்லை, கூரையில! முடிவை வெளியிடாதேங்கோ எண்டு தங்களை மறிச்சதா அந்தக் குழுவே சொல்லுது. ஏலியன் எண்டு கத்துற ஆக்களோட எனக்கு ஒரு சோலியும் இல்லை, ஆனா தளமோ கூரையோ எண்ட கேள்வி நியாயமான கேள்வி, அதுக்கு ஆரும் பதில் சொல்லாம விடுறது எனக்குச் சரியாப் படேல்ல.

சுன்னாகத்தார்:
நான் தண்ணி சம்பந்தப்பட்ட வேலை செய்யிற ஆள், அதால அந்தப் பக்கத்தைச் சொல்லுறன். ஹவாராவில முதல் பிரச்சினை தண்ணி. 1889 இல பீட்ரி பிரமிட்டுக்குள்ள இறங்கேக்கையே கல்லறை அறைக்குள்ள தண்ணி நிண்டது, சேத்துக்குள்ள கிடந்து தடவித்தான் சாமான் எடுத்தவர். இப்ப பிரமிட்டின்ர உள்வழியே தண்ணிக்குள்ள, ஆரும் போகேலாது. லேபிரிந்த் கிடந்த இடத்தைக் குறுக்கறுத்து ஒரு வாய்க்காலும் ஓடுது, சுத்தவரத் தோட்டம், நீர்ப்பாசனம் கூடக் கூட மட்டம் ஏறுது. ஏறுறது உப்புத் தண்ணி. எங்கட ஊரில சவர் ஏறின கிணத்தின்ர கட்டைப் பாத்திருப்பியள், வெள்ளையாப் பூத்து, விரலால தட்டினா மா மாதிரி உதிரும். தண்ணி காயேக்க உப்பு கல்லுக்குள்ளயே இறுகி உள்ளுக்க இருந்து வெடிக்கப்பண்ணுது, அங்க சுண்ணாம்புக்கல்லுக்கும் இதுதான் நடக்குது. இதுக்குள்ள பம்பைப் போட்டு இறைச்சு இறைச்சுத் தோண்டுறதெண்டா, இறைக்கிற அளவுக்குப் பக்கத்தால திரும்ப ஊறும், ஊற ஊற மண் சரியும். தோண்டாம விடுறதுக்கு ரகசியம் ஒண்டும் தேவையில்லை, இதுவே காணும்.

ஸ்கானைப் பற்றியும் ஒண்டு. ஈரமான உப்பு மண்ணில எதைக் கட்டடம் எண்டுறது, எதை வேற படை எண்டுறது எண்டு பிரிக்கிறது சரியான கஷ்டம். படத்தில கட்டம் தெரிஞ்ச உடன அறை எண்டு முடிவுகட்டேலாது.

நல்லூர் வாசகி:
ஸ்கான் கதையெண்டா எல்லாத்தையும் ஒரே தராசில வைக்காதேங்கோ. 2025 மார்ச்சில இத்தாலிக்காரர் சிலர் கீசாவில இருக்கிற காஃப்ரே பிரமிட்டுக்குக் கீழ 648 மீற்றர் ஆழத்துக்குத் தூண்கள் இறங்குது எண்டு சட்டலைட் ரேடார் படத்தை வைச்சுச் சொன்னவை. ரேடார் அலை கல்லுக்குள்ள அந்த ஆழத்துக்குப் போகாது, எகிப்தின்ர பெயர்பெற்ற தொல்லியலாளர் சாஹி ஹவாஸும் நேராவே மறுத்திட்டார். ஆனா பிரமிட்டுகளை உடைக்காம ஆராயிற ஸ்கான்பிரமிட்ஸ் குழு, வானத்தில இருந்து வந்து கல்லையும் ஊடுருவுற மியூவோன் துகளை வைச்சு, கீசாவின்ர பெரிய பிரமிட்டின்ர வடக்கு வாசலுக்குப் பின்னால வெறுமை ஒண்டு இருக்குதெண்டு கண்டு, பிறகு கல் இடுக்குக்குள்ளால மெல்லிய கமெரா விட்டு 9 மீற்றர் நீள நடைவழியை 2023 இல உலகத்துக்கே காட்டினவை. அதைக் காட்டினதும் இதே எகிப்து அரசாங்கம்தான், பெரிய விழா மாதிரி. புதுசா ஏதும் கிடைச்சா டூரிஸ்ட் வருவான், காசு வரும், அவங்கள் ஏன் ஒளிக்கப்போறாங்கள்?

இன்னுமொண்டு, மனசில கிடந்ததைச் சொல்லுறன். எகிப்தின்ர செங்கடல் கரையில பெரெனிகே எண்ட பழைய துறைமுகத்தில இந்தியப் பானை ஒண்டுக்குள்ள 7.5 கிலோவுக்குக் கிட்ட மிளகு கிடைச்சது, தமிழ் பிராமி எழுதின ஓடும் கிடைச்சது. எங்கட ஆக்கள் எகிப்துக்கே கடல் கடந்து போனதுக்குச் சாட்சி அது. அதுக்கு இஞ்ச ஒரு வீடியோவும் ஓடுதில்லை. கந்தரோடையில எங்கட வாசல்படியிலேயே மண்ணுக்குள்ள எவ்வளவோ கிடக்கு, அதைப் பற்றிக் கேள்வி கேக்கவும் ஆளில்லை.

கோண்டாவில்காரன்:
எல்லாருக்கும் நன்றி, தண்ணிக் கதையை அந்த வீடியோவில ஒருத்தனும் வாயே திறக்கேல்ல. அப்ப கடல்வழி அண்ணை சொன்ன தளமோ கூரையோ எண்ட கேள்வி என்னாகுது?

கடல்வழி:
அது அப்பிடியேதான் நிக்குது. பீட்ரி நிண்ட கல்லில நாலைஞ்சு இடத்தில துளை போட்டு அடியில என்ன வருகுதெண்டு பாத்தா தெரிஞ்சிடும். அதைச் செய்யாம எனக்குப் பீட்ரியை முழுசா ஏற்கேலாது.

பழைய வாத்தியார்:
துளை போடவேணும் எண்டதில நானும் உங்கட பக்கம்தான். ஆனா முதல்ல வாய்க்காலைத் திருப்பி நீர்மட்டத்தை இறக்கவேணும். கூரையா இருந்தா துளைக்குள்ளால இன்னும் சவர் தண்ணி இறங்கும், மிஞ்சிக் கிடக்கிற சுவரையும் நாங்களே அழிச்சதாப் போயிடும்.