மட்டக்களப்பு கிரானுக்கு அங்கால கொண்டுபோற உலர் உணவுப் பொதிக்கு உதவி வேணும்

வின்சென்ட் டி போல் சபையால (கத்தோலிக்க உதவிச் சபை) வெள்ளத்தில பாதிச்ச குடும்பங்களுக்குப் பொதி கட்டுறம். வீட்டுக்கு அரிசி 5 கிலோ, பருப்பு 1, சீனி 1, கோதம்ப மா 2, தேயிலை 200 கிராம். மாவை மெல்லிய சொப்பிங் பேக்கில போட்டா தோணியில ஈரம் ஏறிக் கட்டியாகிடும். தடிச்ச பொலித்தீன்ல ரெட்டையாக் கட்டணும். சவுக்காரம் தனிப் பையில, இல்லாட்டி தேத்தண்ணியில சோப்பு மணம்தான்! விறகு நனைஞ்சிருக்கும், அதால பிஸ்கட்டும் வேணும். பழைய உடுப்பு வேணாம், மூட்டை அவிழ்க்காமலே பூஞ்சணம் பிடிக்குது.

கிரான் பாலத்தடியில தண்ணி ஏறினா புலிபாய்ந்தகல் பக்கம் தோணிதான். தோணியோ உழவு மெசினோ தரக்கூடியவங்க கீழ சொல்லுங்க. கிராம சேவகர்ர பட்டியல்ல விடுபட்ட, வாடகைக்கு இருக்கிற குடும்பங்களத் தெரிஞ்சா உள்பெட்டியில அனுப்புங்க. பேரைப் பொதுவில போடாதீங்க. உதவி குடுக்க எந்தச் சமயமெண்டு பாக்கிறல்ல.