பதில்: ஸ்பின்னேக்கர் கழியின் நுனிப் பூட்டுக்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஸ்பின்னேக்கர் என்ற பாயைத் தாங்கும் கழியின் நுனியில் இருக்கும் பூட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில், 'முனைப்பொருத்தி' என்றே முடித்துவிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. பொருள் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்கிறது. என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை. பழுதுபார்க்கும் கையேட்டுக்குத்தானே சொல் தேடுகிறோம்? பழுது வருவதோ அதன் உள்ளுறுப்புகளில்.

படகு பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: பின்காற்றில் அணியத்துக்கு (படகின் முன்முனை) முன்னால் பலூன் போலப் புடைக்கும் பாய் ஸ்பின்னேக்கர். அதன் காற்றுப்பக்க மூலையை வெளியே தள்ளிப் பிடிக்க ஒரு கழி. கழியின் ஒரு நுனி பாய்மரத்து வளையத்தில் மாட்டும், மறுநுனி பாயின் கயிற்றைக் கவ்வும். இரண்டு நுனியிலும் திறந்த வாய், அதை மூடும் ஒரு தாழ், தாழைத் தள்ளும் ஸ்பிரிங், தாழைப் பின்னிழுக்கும் மெல்லிய கயிறு.

வீட்டுக் கதவில் இருக்கும் தாழ்தான் இது. எனவே என் முன்மொழிவு: முழுக் கருவி 'கவ்வுதாழ்', வாய்ப்பகுதி 'கவ்வி', நகரும் முள் 'தாழ்', இழுக்கும் கயிறு 'விடுகயிறு', கழி 'பாய்க்கழி'.

'தாழ்வாய்' அழகாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகுதான், ஆனால் அது மோவாய்க்கு ஏற்கெனவே உள்ள சொல். 'தாழ்வாயில் உப்பு படிந்திருக்கிறது' என்று படிப்பவர் முகம் கழுவப் போய்விடுவார். 'கொக்கி' வேண்டாம், கொக்கிக்குப் பூட்டு கிடையாது. 'பருமல்' நல்ல பழஞ்சொல், ஆனால் பாயையே கட்டித் தொங்கவிடும் மரம் அது. இந்தக் கழியில் பாய் தொங்குவதில்லை.

கழியே இல்லாத படகுகள் இருக்கும்போது இந்தச் சொற்கள் தேவையா என்ற கேள்வியும் வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் கணபதியும் வருணும் ஓட்டிய ஃபார்ட்டிநைனர் வகைப் படகில் இந்தக் கழி இல்லை, முன்னே நீளும் தண்டுதான், உண்மை. ஆனால் 4.70 மீட்டர் நீளத்தால் பெயர் பெற்ற 470 வகையில் கழி உண்டு. நெடும்பயணப் படகுகள் பலவற்றிலும் உண்டு.

சரி, சொற்கள் வேலைக்கு ஆகுமா என்று பார்க்கக் கையேட்டு நடையில் ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"கவ்வுதாழ் திறக்கவில்லையா? முதலில் பாயின் கயிற்றைச் சற்றுத் தளர்த்துங்கள். கயிறு தாழை அழுத்திக்கொண்டிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது. பிறகும் திறக்காவிட்டால், கழியைக் கழற்றித் தாழை விரலால் நேரடியாகப் பின்னிழுங்கள். எளிதாக நகர்ந்தால் தாழில் குற்றமில்லை. விடுகயிறு எங்கோ சிக்கியிருக்கிறது அல்லது நைந்திருக்கிறது. நகராவிட்டால் உப்பு. வெதுவெதுப்பான நன்னீரில் ஊறவைத்துக் கழுவி, காய்ந்தபின் உலர் டெஃப்லான் மசகைத் தெளியுங்கள். கிரீஸ் பூசாதீர்கள், அது மணலையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தாழ் பின்னால் போய்த் திரும்பி வரவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். கவ்வியின் உதட்டில் கூர்மை ஏறியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள், இல்லாவிட்டால் கயிற்றை அறுத்துவிடும்."

'முனைப்பொருத்தி' மட்டும் வைத்துக்கொண்டு இதை எழுதிப் பாருங்கள். எதை இழுக்கச் சொல்கிறோம் என்றே தெரியாது.

கவ்வுதாழைக் கழியின் குழாயில் பிடித்து வைக்கும் தறையாணி பற்றியும் ஒரு வார்த்தை. ரிவெட்டுக்கு இந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகத் தேட வேண்டாம். அலுமினியக் குழாயில் துருப்பிடிக்காத எஃகுத் தறையாணி அடித்தால், உப்புநீர் பட்டதும் அலுமினியம்தான் தின்னப்படும். ஆணியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், துளை நீள்வட்டமாகும், கவ்வுதாழ் ஆட ஆரம்பிக்கும். கார்பன் குழாயில் அலுமினியக் கவ்வுதாழ் பொருத்தினால் நிலைமை இன்னும் மோசம். இடையில் மின்கடத்தாப் பூச்சு கட்டாயம். உலோகம் இப்படித் தின்னப்படுவதற்குப் பள்ளிப் புத்தகத்தின் 'அரிமானம்' என்ற சொல்லே போதும். ஸ்பிரிங்கை மட்டும் ஸ்பிரிங்காகவே விடுவோம். 'சுருள்வில்' என்று கேட்டால் எந்தக் கடையில் எடுத்துத் தருவார்கள்?

தீராதது ஒன்று இருக்கிறது. கழியை மேலே தூக்கிப் பிடிக்கும் கயிற்றைக் 'கழி ஆஞ்சான்' எனலாமா? ஆஞ்சான் பாயை ஏற்றும் கயிறு. கழிக்கும் அதை நீட்டினால் தோணிக்காரர் காதுக்குச் சரியாகப் படுமா, அப்புறம் இரண்டையும் குழப்பிக்கொள்வார்களா? தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்து உறுப்பினர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.