பாதயாத்திரை வருபவர்களின் கால்களுக்கு என்ன செய்யலாம்?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி போகும் சாலையோரம் இருக்கிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் நெருங்கினாலே காவி உடுத்தி, சப்பரம் இழுத்துக்கொண்டு நடந்து வருபவர்கள் எங்கள் வாசலைக் கடந்துதான் போவார்கள். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை பானையில் தண்ணீர் வைப்போம், மோர் கொடுப்போம். அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு அம்மா திண்ணையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். ஒன்று உடைந்து மண் ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன், அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று, இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, எங்கள் பங்குச் சாமியார் (பாதிரியார்) பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இந்த வருடம் சரியாகச் செய்ய ஆசை. செவிலியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: உடைந்த கொப்புளத்தை எப்படிக் கட்டுவது? சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக என்ன கவனிக்க வேண்டும்? அப்புறம், இரவில் நடப்பவர்களின் பையில் ஒட்ட ஒளிரும் ஸ்டிக்கர் மொத்தமாக எங்கே கிடைக்கும்? லாரிகள் வரும் வேகம் பயமாக இருக்கிறது. இரவில் இரண்டு மணி நேரம் எங்களோடு நிற்க யாராவது வந்தாலும் பெரிய உதவி.