நூறு நாள் வேலைக்குத் தணிக்கைன்னு உங்க ஊருக்கு யாராவது வந்தாங்களா? பார்த்ததைச் சொல்லுங்க

காவிரிக் கடைமடை

நூறு நாள் வேலையில சமூகத் தணிக்கை நிஜமாவே நடக்குதா, எல்லாம் பேப்பர்ல மட்டும்தானான்னு நிறையப் பேர் கேக்குறாங்க. நடக்குது. அந்த வேலையில நான் கொஞ்ச வருஷம் இருந்தேன். ஊர் ஊராப் போய்த் தணிக்கை பண்ற எங்களை வி.ஆர்.பி.ன்னு சொல்வாங்க. வேலை அட்டை இருக்கிற குடும்பத்துப் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து அனுப்புவாங்க. சொந்த ஊராட்சிக்கு மட்டும் போகவிட மாட்டாங்க.

நூறு நாள் வேலைக்காக வந்த 2005 சட்டத்துல 17ஆம் பிரிவுலயே கிராம சபைதான் தணிக்கை பண்ணணும்னு போட்டிருந்தாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னு 2011ல விதியும் போட்டாங்க. வேலை கொடுக்கிற ஊராட்சியே தன் கணக்கைத் தானே பார்த்துக்கக் கூடாதுங்கிறதால தமிழ்நாட்டுல இதுக்குன்னு தனிச் சங்கமே இருக்கு.

ஊராட்சியில மஸ்டர் ரோல் (யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தாங்கங்கிற வருகைப் பதிவு), முடிஞ்ச வேலையை அளந்து எழுதுற அளவுப் புத்தகம், பில்லு எல்லாம் வாங்கிக்கிட்டு வீடு வீடாப் போவோம். மஸ்டர் ரோல்ல இருக்கிற நாளும், அவங்க வாயால சொல்ற நாளும், பாஸ்புக்ல ஏறின காசும் ஒத்துப்போகுதான்னு பார்ப்போம். கேக்க சுலபமா இருக்கும். ஆனா வேலை அட்டையைக் கேட்டா பாதி வீட்டுல "அது பொறுப்பாளர்கிட்ட இருக்குங்க"ம்பாங்க. அட்டை குடும்பத்துக்கிட்டதான் இருக்கணும், வேலைத்தளத்தைப் பார்த்துக்கிற பொறுப்பாளர் வாங்கி வச்சுக்கிறதே விதிமீறல். பாஸ்புக்கைக் கேட்டா என்ட்ரி போட்டு வருஷக்கணக்கு ஆகியிருக்கும்.

ஒரு ஊர்ல ஒரு ஆயி, எண்பதைத் தொடப்போற வயசு. பாஸ்புக்கை உரச்சாக்குத் துண்டுல சுத்தி, அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தாங்க. மஸ்டர் ரோல்ல முழு வாரமும் ஆஜர். "ஆமா கண்ணு, ஆறு நாளும் போனேன். ஆனா நாலு நாள் காசுதான் ஏறியிருக்குன்னு அந்தத் தம்பி சொல்லிச்சு"ன்னாங்க. தம்பின்னா ஊருக்குள்ள மெஷின் கொண்டுவந்து கைரேகை வாங்கிக்கிட்டுக் காசு கொடுக்கிறவர். துண்டுச்சீட்டு கொடுத்தாரான்னு கேட்டேன். "அதெல்லாம் எனக்கெதுக்கு"ன்னாங்க. மறுநாள் பேங்க்குக்குக் கூட்டிட்டுப் போய் என்ட்ரி போட்டோம். ஆறு நாள் கூலியும் ஏறியிருக்கு. ஏறின அன்னைக்கே மொத்தமும் எடுத்திருக்கு.

ஊராட்சிப் பக்கம் ஒரு பேப்பர்லயும் தப்பில்லை. அளவு சரி, நாள் சரி, பணம் போனதும் சரி. கடைசியில விரல் வைக்கிற இடத்துல போயிருக்கு. விஷயம் தெரிஞ்சதும் அந்தத் தம்பி "மெஷின் தப்பு"ன்னு சொல்லி ஆயி வீட்டுல காசைக் கொடுத்தார். அதோட விடாம, எங்ககிட்ட வாயே திறக்காத வேற சில வீடுகளுக்கும் போய்க் கொடுத்துட்டு வந்தார். மெஷின் யார் யார்கிட்ட தப்பு பண்ணிச்சுங்கிற கணக்கு அவர்கிட்ட அவ்வளவு சுத்தமா இருந்திருக்கு!

இதைவிடக் கஷ்டம் கிராம சபை. திண்ணையில உக்காந்து எல்லாத்தையும் கொட்டினவங்க சபைக்கு வந்தா தலையைக் குனிஞ்சுக்குவாங்க. நாளைக்கு வேலைக்குப் பேர் எழுதப்போறது எதிர்ல நிக்கிற அதே பொறுப்பாளர்தானே. அதனால நாங்க புகார் இருக்கான்னு கேக்கிறதை விட்டுட்டோம். மஸ்டர் ரோலை அப்படியே சத்தமா வாசிப்போம்: இன்னார், இந்த வாய்க்கால் வேலை, இத்தனை நாள், இவ்வளவு கூலி. ஒரு தடவை ஒரு பேரை வாசிச்சதும் பின்னாடியிருந்து ஒரு அம்மா, "அவரு போய்ச் சேந்து ரெண்டு தீபாவளி ஆச்சே, எப்ப வந்து வரப்பு வெட்டுனாரு?"ன்னாங்க. கூட்டமே சிரிச்சிடுச்சு. அதுக்கப்புறம் யாருக்கும் பயம் இல்லை.

இன்னொரு ஊர்ல வேலைத்தளத்துல தகவல் பலகை வச்சதா பில்லு. பலகை எங்கேன்னு கேட்டா பதில் வரலை. சபை அன்னைக்குக் காலையில வாய்க்கால் கரையில நட்டு வச்சிருந்தாங்க. தொட்டுப் பார்த்த எங்க கூட்டாளி கையில நீலப் பெயின்ட்.

கண்டுபிடிச்சதை நிதி முறைகேடு, நிதி விதிமீறல், நடைமுறை மீறல், குறைன்னு நாலாப் பிரிச்சு எழுதுவோம். மேல கமிட்டியில உக்காந்து பேசுவாங்க. காசைத் திருப்பிக் கட்டிட்டா தடை நீக்கம்னு எழுதி விஷயத்தை முடிச்சிடறதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் செரிக்கலை. உங்க ஊர்ல எப்படி?

கண்மாய்க்கரை

எங்க அம்மா விருதுநகர்ப் பக்கம் நூறு நாள் வேலைக்குப் போறாங்க. நான் சென்னையில. தணிக்கைக்கு வந்தவங்களை அம்மா ஒரு தடவை பார்த்ததாச் சொன்னாங்க, "டீச்சர் மாதிரி ஒரு பிள்ள வந்து பேரு கேட்டுட்டுப் போச்சு." அவ்வளவுதான்.

ஆனா தினமும் ஒரு தணிக்கை நடக்குதே, அதைச் சொல்றேன். 2023 ஜனவரியில இருந்து ஆப்லதான் வருகைப்பதிவு. காலையில ஒரு போட்டோ, வேலை முடியறப்ப ஒண்ணு. கண்மாய்க்குள்ள டவர் கிடையாது. எல்லாரையும் கரை மேல ஏத்தி வரிசையா நிக்க வச்சு, பொறுப்பாளர் அக்கா போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் நடக்கும். வெட்ட வேண்டிய அளவை வெட்டி முடிச்சவங்களும் ரெண்டாவது போட்டோவுக்காக வேலமரத்து நிழல்ல காத்துக் கிடக்கணும். போட்டோ ஏறலைன்னா வேலை பார்த்த நாளே கணக்குல இல்லை.

திருட்டு நின்னுச்சான்னு கேட்டா, 2025 ஜூலையில மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டுச்சு: போட்டோவையே போட்டோ எடுத்து ஏத்துறாங்க, சம்பந்தமில்லாத படத்தை ஏத்துறாங்கன்னு. திருடத் தெரிஞ்சவனுக்கு அது ஒரு தடையே இல்லை. எங்க அம்மாதான் வெயில்ல நிக்கிறாங்க.

இன்னொண்ணு. 2025 ஏப்ரல்ல தமிழ்நாட்டுக்கு ஒரு நாள் கூலியை 336 ரூபாய் ஆக்கினாங்க. அம்மா கணக்குல அது முழுசா ஏறினதே இல்லை. கேட்டா "வெட்டின மண்ணை அளந்து பார்த்ததுல இவ்வளவுதான் வந்துச்சு"ம்பாங்க. அளந்தப்ப யாரு பக்கத்துல இருந்தா? எங்க அம்மாவை ரெண்டு வேளை படம் புடிக்கிற போன், டேப் புடிக்கிற ஓவர்சியரை ஒரு தடவையாவது புடிச்சிருக்கா?

ஓய்வு பெற்ற கிளார்க்

நான் ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே எல்லோரும் எங்களைத்தான் கல்லால் அடிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

முதலில் அந்த இறந்தவர் கதை. எல்லா இடத்திலும் அது திருட்டு அல்ல. எங்கள் ஊரில் மாமனார் பெயரில் அட்டை இருந்தது. அவர் இறந்த பிறகு, அட்டையில் பெயர் சேர்க்கப்படாத மருமகள் அவர் கணக்கிலேயே வேலைக்கு வந்தார். மண் வெட்டியது அந்தப் பெண்தான். கூலி மாமனார் கணக்கில் ஏறியது, ஏ.டி.எம். அட்டை மருமகள் கையில். தவறு, மறுக்கவில்லை. ஆனால் தணிக்கை அறிக்கையில் அது ‘நிதி முறைகேடு’ என்ற ஒரே சொல்லில் முடிந்தது. பொறுப்பாளராக இருந்த ஏழைப் பெண் பணத்தைக் கட்டினார்.

இரண்டாவது, தணிக்கையின் கண் கீழ்நோக்கி மட்டுமே பார்க்கிறது. 2024-25இல் மாதக்கணக்கில் கூலி வரவில்லை. பிரதமருக்கு முதல்வர் கடிதம் எழுதினார். தமிழகத்துக்கு வர வேண்டியது 4,034 கோடி ரூபாய் என்று 2025 மார்ச்சில் ஊர் ஊராக ஆர்ப்பாட்டமே நடந்தது. அதற்குள் ஊர் ஜனங்கள் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்தது எங்களிடம்தான். கூலி டெல்லியிலிருந்து ஆதார் வழியாக நேரே அவரவர் கணக்குக்குப் போகிறது. ஊராட்சியின் கை அதில் படுவதே இல்லை.

அந்த நேரத்தில் ஒரு தணிக்கைக் குழு வந்து, தாமத இழப்பீடு ஏன் வழங்கப்படவில்லை என்று என்னிடம் விளக்கம் கேட்டது. சட்டப்படி பதினைந்து நாளுக்குள் கூலி வர வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம். அப்போது கூலி 319 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நாள் கூலிக்கு ஒரு நாள் தாமதத்துக்கு 16 காசு வரும். அந்தப் பதினாறு காசுக்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கம் ஒன்றரைப் பக்கம். நிறுத்தி வைத்தவர்களிடம் விளக்கம் கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

பதிவு மூப்பு

நகரத்து ஆள் நான், நூறு நாள் வேலை தெரியாது. வேலைவாய்ப்பு அலுவலகக் கதை ஒன்று சொல்கிறேன், சின்னதுதான்.

பட்டம் பதிந்து ஐந்து வருடம் வேலை கிடைக்காமல் இருந்தால் தமிழக அரசு உதவித்தொகை தரும். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியில் போடுவார்கள், மூன்று வருடம் வரை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000க்குள் இருக்க வேண்டும். இவன் இன்னும் வேலையில்லாமல்தான் இருக்கிறானா என்று பார்க்க வருடா வருடம் சுய உறுதிமொழிப் படிவம். தரவில்லை என்றால் தொகை நிற்கும்.

நான் படிவத்தைக் கொண்டுபோன அன்று கவுன்டரில் இருந்தவர் மேலும் கீழும் பார்த்து, "சட்டை அயர்ன் பண்ணியிருக்கே, எங்கயாச்சும் வேலைக்குப் போறியா தம்பி?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

எனக்கு வேலை இல்லை என்பதை நான் வருடா வருடம் எழுதிக் கொடுக்கிறேன். அந்த அலுவலகத்திலிருந்து ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம்கூட எனக்கு வரவில்லை என்பதை யார் யாருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள்? நானும் தேடிப் பார்த்துவிட்டேன், அதற்குப் படிவம் இல்லை. பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் மூப்பு போய்விடும் என்று மட்டும் எல்லோரும் ஞாபகப்படுத்துகிறார்கள்.

காவிரிக் கடைமடை

கிளார்க் ஐயா, மருமகள் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். அதே மாதிரி நானும் பார்த்திருக்கேன். வேலை பார்த்த உடம்பு நிஜம்னா அதை முறைகேட்டுல சேர்க்கக் கூடாதுன்னு எங்க குழுவுக்குள்ளயே சண்டை நடந்திருக்கு. டெல்லியைக் கேள்வி கேக்க எங்ககிட்டயும் பக்கம் இல்லைங்கிறதும் உண்மை.

ஆனா ஒரு கேள்வி ஐயா, கோவிச்சுக்காதீங்க. வேலை வேணும்னு யாராவது கேட்டா தேதி போட்டு ரசீது கொடுத்திருக்கீங்களா? பதினைந்து நாளுக்குள்ள வேலை தரலைன்னா முதல் முப்பது நாளைக்குக் கூலியில கால் பங்கு, அதுக்கு மேல பாதின்னு வேலையில்லாப் படி தரணும். சட்டத்துல இருக்கு, மாநில அரசு கொடுக்கணும். நான் தணிக்கை பண்ணின ஊர் ஒண்ணுலயும் யாரும் அதை வாங்கினதாப் பார்க்கலை. ரசீதே இல்லாதப்ப பதினைந்து நாளை எங்கிருந்து எண்ணறது? இது டெல்லி விவகாரம் இல்லை, உங்க மேசை மேல இருந்த நோட்டு.

ஓய்வு பெற்ற கிளார்க்

கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டாம் என்று வாய்மொழி உத்தரவு. எழுத்தில் யாரும் தரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முந்திரிக்காடு

எங்க ஊர்ல அடுத்த மாசம் தணிக்கைன்னு தண்டோரா போட்டிருக்காங்க. மஸ்டர் ரோலை வாசிக்கச் சொல்லணும்னா யாருகிட்ட சொல்லணும்? தலைவர் ஒத்துக்க மாட்டாரே.

காவிரிக் கடைமடை

தலைவர் ஒத்துக்கணும்னு இல்லைங்க. அந்தச் சபைக்கு அவர் தலைமை தாங்கக் கூடாது. ஊராட்சியிலயோ இந்த வேலை நடத்துற இடத்துலயோ பொறுப்புல இல்லாத உள்ளூர் ஆள் ஒருத்தரைச் சபையே தேர்ந்தெடுக்கணும். வயசான, யாருக்கும் அஞ்சாத ஒரு பெரியம்மா உங்க ஊர்ல இருப்பாங்க, அவங்க பேரை முன்மொழிய நாலு பேர்கிட்ட இப்பவே பேசி வச்சுக்கோங்க. வி.ஆர்.பி. வீட்டுக்கு வர்றப்பவே வாசிக்கணும்னு சொல்லிடுங்க, அவங்களுக்கும் அதான் வேணும்.

அதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. பாஸ்புக்ல என்ட்ரி போட்டு வச்சுக்கோங்க. நூறு நாள் வேலை இணையதளத்துல மாவட்டம், ஒன்றியம், ஊராட்சின்னு போனா உங்க ஊர் மஸ்டர் ரோல் அப்படியே கிடக்கு, பாஸ்வேர்டு எதுவும் கேக்காது. படிக்கிற பிள்ளைங்க யாரையாவது வச்சு எடுத்துப் பார்த்துடுங்க. சபைக்கு அட்டையோட வாங்க. அட்டை பொறுப்பாளர்கிட்ட இருந்தா, நாளைக்குக் காலையில போய் வாங்கிடுங்க.